இட்லி மாவிலிருந்து தொழில் கற்பது: அன்றாட ஈடுபாட்டைப் பாடமாக மாற்ற ஒரு முழு வழிகாட்டி

சமையல், மாடித்தோட்டம், கோலம், தையல், பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டுவது என்று கைக்குப் பழகிய வேலை ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதிலிருந்து தொழிலுக்குப் பாடம் எடுக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் எடுக்கும் பாடம் பெரும்பாலும் "பொறுமை வேண்டும்", "அடித்தளம் முக்கியம்" என்பதோடு நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு நாளைக்குக் கடையில் எதை மாற்றுவது? மாவு ஏன் பொங்குகிறது, எவ்வளவு நேரத்தில் பொங்குகிறது, எந்த அளவைத் தாண்டினால் கெடுகிறது என்று காரணமும் கணக்கும் கையில் இருந்தால்தான் அந்த அறிவு இன்னொரு வேலைக்கு உதவும். அந்த இரண்டையும் பிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டு முழுக்க இட்லி மாவு. அரைக்காத வீடுகளில்கூட மாவைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு என்பதால் பேசுவது எளிது.

எந்த ஈடுபாட்டை எடுத்துக்கொள்வது

வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்கிற வேலையாக இருக்க வேண்டும். பலன் ஓரிரு நாளில் தெரிய வேண்டும். நன்றாக வந்ததா இல்லையா என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே சொல்ல முடிய வேண்டும். இட்லி மாவு மூன்றிலும் தேறும்: இரவு கரைத்தால் காலையில் தெரிந்துவிடும், இட்லியை விரலால் அழுத்தினாலே போதும். மாங்கன்று வளர்ப்பது அருமையான ஈடுபாடு, ஆனால் பலன் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். படம் பார்ப்பது, கிரிக்கெட் பார்ப்பது போல வெறுமனே பார்த்து ரசிப்பவையும் சரிவராது. நீங்கள் எடுக்கும் முடிவு எதுவும் அதில் இல்லை, அதனால் திருத்திப் பார்க்கவும் எதுவும் இல்லை.

நோட்டு போடுவது

பாட்டிகள் கண்ணளவில் போட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கண்ணளவை இன்னொரு தொழிலுக்குக் கடத்த முடியாது. ஒரு பக்க நோட்டு போதும். ஒரு நாள் பதிவு இப்படி இருக்கலாம்:

இட்லி அரிசி 1 கிலோ, முழு வெள்ளை உளுந்து 250 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன். அரிசி ஊறப்போட்டது மதியம் 2 மணி, உளுந்து 3.30. உளுந்து அரைத்தது 6.30 முதல் 7.05 வரை, தெளித்த தண்ணீர் 550 மில்லி, ஃபிரிட்ஜ் தண்ணீர். அரிசி 7.05 முதல் 7.35 வரை, ரவைப் பதம். உப்பு சேர்த்துக் கையால் கலந்தது 7.45. அடுப்படி வெப்பம் 30 டிகிரி. பாத்திரத்தில் மாவு நின்ற உயரம் 10 செ.மீ. காலை 5.45-க்கு 20 செ.மீ. இட்லி: மெத்தென்று, உள்ளே துளைகள் சீராக.

கடைசி வரியை மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம். "இன்று நன்றாக வந்தது" என்ற குறிப்பால் ஒரு பயனும் இல்லை. எதனால் வந்தது என்பது மேலே உள்ள எண்களில்தான் இருக்கிறது. நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். உளுந்து அரைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் பலரும் இருபது நிமிடம் என்பார்கள், கடிகாரம் முப்பத்தைந்து காட்டும். கடையில் ஒரு பொருளைச் செய்து முடிக்க ஆகும் நேரத்தைக் குறைத்துச் சொல்லி, அதை வைத்து விலை போடுவதும் இதே தவறுதான்.

கெட்ட நாளைப் பிரித்துப் பார்ப்பது

பாடத்தில் பெரும்பங்கு இங்கே கிடைக்கும், அதனால் அவசரப்பட வேண்டாம்.

இட்லி கல்லாக இருந்தால் முதலில் உளுந்தைப் பாருங்கள். பழைய உளுந்து காணாது. அதாவது அதே 250 கிராமுக்குக் கிரைண்டரில் மாவு குறைவாகத்தான் எழும்பும். புது உளுந்து தண்ணீரை வாங்கிக்கொண்டு பஞ்சு போலப் பொங்கி வரும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் காற்று ஏறவில்லை, இன்னும் அரைக்க வேண்டும், அல்லது தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிட்டீர்கள். உளுந்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் பருப்பு கல்லுக்கு அடியில் சிக்காமல் நழுவி ஓடும், மசியாது.

மாவு பொங்கவே இல்லையென்றால் வெப்பத்தைப் பாருங்கள். பொங்க வைப்பது லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள். உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வருபவை. 28 முதல் 32 டிகிரிக்குள் அவை சுறுசுறுப்பாக வேலை செய்து வாயுவை விடும். ஊட்டியிலோ மார்கழியிலோ அதே வேலைக்கு நேரம் கூடும். மிக்சியில் அரைத்து மாவு கொதகொதவென்று சூடேறினாலும் சிக்கல்தான். ஃபிரிட்ஜ் தண்ணீர் தெளிப்பது அதற்காகவே.

நன்றாகப் பொங்கிவிட்டு, ஊற்றியபின் இட்லி தட்டையாக வந்தால் மாவு பொங்கும் கட்டத்தைத் தாண்டிப் புளித்துவிட்டது, அல்லது காலையில் கரண்டியை விட்டு அடித்துக் கலக்கிக் காற்றை எல்லாம் வெளியேற்றிவிட்டீர்கள். இட்லிக்கு மாவை ஓரத்திலிருந்து அள்ளி ஊற்ற வேண்டும்.

ஒவ்வொரு குறைக்கும் "எந்தக் கட்டத்தில் நடந்தது, எந்தக் கட்டத்தில் தெரிந்தது" என்று இரண்டு நேரங்களை எழுதுங்கள். கல் இட்லி தெரிவது காலை 6.15-க்கு. அது தீர்மானமானது முந்தின நாள் இரவு 7 மணிக்கு, அல்லது உளுந்து வாங்கிய அன்றே. இந்த இடைவெளிதான் எந்தத் தொழிலிலும் நஷ்டத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அச்சகத்தில் எழுத்துப்பிழை தெரிவது வாடிக்கையாளர் கையில், நடந்தது தட்டச்சில். அதனால் சோதனையை முன்னால் இழுக்க வேண்டும். மாவில் அந்த முன்சோதனை தண்ணீரில் மிதக்கும் சொட்டு. உங்கள் தொழிலில் அந்தச் சொட்டு எது என்று கண்டுபிடித்து எழுதுவதே இந்தப் படியின் வேலை. தையல் கடைக்காரருக்கு அது வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்துச் சுருங்குகிறதா என்று பார்ப்பது.

ஒரே மாவு, இரண்டு பாத்திரம்

உப்பை இரவே போடுவதா காலையில் போடுவதா என்ற விவாதம் தீரவே தீராது. தீர்க்கும் வழி எளிது: ஒரே ஈட்டு மாவை இரண்டு பாத்திரத்தில் சமமாகப் பிரித்து, ஒன்றில் உப்பு, மற்றதில் இல்லை. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே நேரம். காலையில் உயரத்தை அளந்தால் உங்கள் வீட்டுக்கு, உங்கள் பருவத்துக்கு உரிய பதில் வந்துவிடும். அடுத்த முறை மாற்ற வேண்டியது தண்ணீரின் அளவை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கடையில் இதையே செய்யும்போது பாத்திரத்தைப் பிரிப்பது போல நாளைப் பிரிக்க வேண்டியிருக்கும். புது விளம்பரப் பலகையை ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டு, "வியாபாரம் கூடியது" என்று சனிக்கிழமையோடு ஒப்பிடக் கூடாது. செவ்வாயைச் செவ்வாயோடு ஒப்பிடுங்கள்: ஒரு செவ்வாய் பழைய பலகை, அடுத்தது புதியது, மீண்டும் பழையது, மீண்டும் புதியது. நடுவில் சம்பள நாளோ திருவிழாவோ வந்தால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். விலையையும் பலகையையும் சேர்த்து மாற்றிவிட்டுக் குழம்புவதுதான் சிறு கடைகளில் அடிக்கடி நடக்கிறது.

காரணத்தைத் தொழிலுக்குக் கொண்டுபோவது

நோட்டில் பத்துப் பதினைந்து பதிவுகள் சேர்ந்தபின் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இதே காரணம் என் தொழிலில் எங்கே வேலை செய்கிறது? மாவில் கிடைக்கும் மூன்றைப் பார்க்கலாம்.

முதலாவது, முடிவெடுக்கும் நேரம். காலை 6 மணி இட்லிக்கான முடிவு முந்தின மதியம் 2 மணிக்கே எடுக்கப்படுகிறது. 16 மணி நேரம் முன்னால், நாளை எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத நிலையில். அவசரப்படுத்தினால் அரிசி ஊறாது, மாவு பொங்காது. பூக்கடை, பால் வியாபாரம், தீபாவளித் துணி எல்லாம் இதே வகை. உங்கள் தொழிலில் ஒவ்வொரு பொருளுக்கும் இந்த முன்நேரத்தை எழுதுங்கள். முன்நேரம் ஒரு மணி நேரமாக இருக்கும் பொருளுக்குச் சரக்கைக் குவிக்கத் தேவையில்லை. ஒரு மாதமாக இருக்கும் பொருளுக்குத்தான் கணிப்பு வேண்டும்.

இரண்டாவது, எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்பது. ஆட்டாங்கல் காலத்தில் தேங்கிய இடம் ஆட்டுகிற கை. 1955-ல் கோவையில் பி. சபாபதி மோட்டாரில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கியதும் அந்தத் தேக்கம் உடைந்தது. உடைந்ததும் வேறோர் இடத்துக்கு நகர்ந்தது: அரைத்த மாவைப் பொங்கவைக்க இடம், பொங்கியதை நிறுத்திவைக்க ஃபிரிட்ஜ். தேக்கம் எப்போதும் எங்கேயாவது ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடத்தைத் தவிர வேறு எங்கே பணம் போட்டாலும் உற்பத்தி கூடாது. கிரைண்டர் ஒன்றுதான் என்றால் ஊறவைக்கும் குண்டான்களை இரண்டு மடங்காக்கி என்ன பயன்? செய்ய வேண்டியது கிரைண்டரைச் சும்மா நிற்கவிடாதது. உளுந்தை முதலில் அரைத்து வழித்துவிட்டு, கழுவாமலே அரிசியைப் போடுவது வீட்டுப் பழக்கம். நடுவில் கழுவும் நேரம் மிச்சம். தையல் கடையில் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றுதான் என்றால், வந்த வரிசையில் தைக்காமல் ஒரே நிற நூலுக்கு உரிய துணிகளைச் சேர்த்துத் தைப்பது அதே காரணத்தால் பலிக்கும்.

மூன்றாவது, மிச்சத்துக்கு முன்பே இடம் ஒதுக்குவது. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். புளிப்பு ஏற ஏற மாவு வேறு பலகாரத்துக்குப் பொருத்தமாகிறது. இந்த வரிசை வீட்டில் முன்பே தீர்மானமாகி இருப்பதால்தான் அரை கிலோ கூடுதலாக அரைக்க யாரும் பயப்படுவதில்லை. தொழிலில் மிச்சம் விழுந்தபிறகு என்ன செய்வது என்று யோசிக்கிறவர்கள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வெட்டுத்துணி எந்த அளவுக்கு மேல் இருந்தால் குழந்தை ஜாக்கெட், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் பை என்று முன்பே எழுதி ஒட்டியிருக்கும் கடையின் கணக்கு வேறு மாதிரி இருக்கும். எவ்வளவு வேறு என்பதை எண்ணிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு கிலோ கூடுதலாக அரைப்பதா வேண்டாமா

மாவு விற்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காக எடுத்த விலைகள் இவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசி 4 கிலோ 200 ரூபாய், உளுந்து 1 கிலோ 140, வெந்தயமும் உப்பும் 10, மின்சாரம் 20. மாவு சுமார் 11 கிலோ வரும். பொட்டலம் ஒன்றுக்கு 3 ரூபாய் வீதம் 33. ஆக 403. உங்கள் உழைப்பு 3 மணி நேரம், மணிக்கு 80 வீதம் 240. மொத்தம் 643, கிலோவுக்கு அடக்கம் சுமார் 58 ரூபாய் 50 காசு.

கிலோ 60 ரூபாய் என்று விலை வைத்தால் 11 கிலோவும் விற்றால் 17 ரூபாய் மிச்சம். 9 கிலோதான் போனது என்றால் 103 ரூபாய் நஷ்டம். 70 ரூபாய் வைத்து 9 கிலோ விற்றாலும் 13 ரூபாய் கையைக் கடிக்கும். அடக்க விலையை அரைத்த அளவால் வகுக்கக் கூடாது, விற்ற அளவால் வகுக்க வேண்டும் என்பது இங்கே தெரிகிறது. உழைப்புக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் "நல்ல லாபம்" என்று சொல்லும் வீட்டுத் தொழில்கள் உண்மையில் சம்பளம் வாங்காத வேலைகள்.

இனி கூடுதல் கிலோவின் கேள்வி. உழைப்பு எப்படியும் போய்விட்டது. கூடுதலாக ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு பொருளும் மின்சாரமும் பொட்டலமும் மட்டும், சுமார் 37 ரூபாய். 70 ரூபாய்க்கு விற்றால் 33 லாபம், விற்காவிட்டால் 37 நஷ்டம். கிடைக்கக்கூடிய லாபத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 33-ஐ 70-ஆல் வகுத்தால் 0.47. அதாவது தினமும் அரைக்கும் அளவு, 100 நாளில் சுமார் 47 நாளின் தேவைக்குப் போதுமானதாக இருந்தால் சரி. மற்ற நாள்களில் தீர்ந்துபோவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விற்காத மாவைப் பணியாரமாக்கிக் கிலோவுக்கு 20 ரூபாயாவது தேற்ற முடியும் என்றால் நஷ்டம் 17-ஆகக் குறைகிறது. இப்போது 33-ஐ 50-ஆல் வகுத்தால் 0.66. மூன்றில் இரண்டு நாளுக்குப் போதுமான அளவு அரைக்கலாம். பணியாரத்தில் பெரிய லாபம் இல்லாவிட்டாலும், இட்லி மாவைத் துணிந்து அரைக்க அது வழிவிடுகிறது.

நடைமுறையில் செய்வது இப்படி: 15 நாள் தேவையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். பணியாரம் போடாத கடை வரிசையில் 7-வது எண்ணை எடுத்துக்கொள்ளும், போடும் கடை 10-வது எண்ணை. "தேவை" என்பதில் மாவு தீர்ந்தபின் வந்து திரும்பிப் போனவர்களும் சேர வேண்டும். விற்றதை மட்டும் எழுதினால் தேவை எப்போதும் அரைத்த அளவுக்குள்ளேயே நிற்கும், நீங்களும் அதைத் தாண்டவே மாட்டீர்கள். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு சிலேட்டை வைத்து, "இல்லை" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள்.

பெருக்கும்போது பெருகாதவை

1 கிலோவில் சரியாக வந்ததை 10 கிலோவுக்கு எல்லா எண்ணையும் பத்தால் பெருக்கக் கூடாது. அரிசியும் உளுந்தும் பத்து மடங்காகும். பொங்கும் நேரம் பத்து மடங்காகாது. குறையவும் கூடும், ஏனென்றால் பெரிய குண்டானில் அரைத்த சூடு உள்ளேயே நிற்கும், நடுப்பகுதி சீக்கிரம் புளிக்கும். வீட்டில் 10 மணி நேரம் என்றால் பெரிய ஈட்டை 7 மணி நேரத்திலேயே திறந்து பார்க்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பினால் வழிந்து தரையில் ஓடும். ஆக, வாங்க வேண்டிய பாத்திரம் மாவின் அளவுக்கு இரண்டு மடங்கு.

உங்கள் தொழிலில் ஆர்டர் இரட்டிப்பானால் எது இரட்டிப்பாகும், எது அப்படியே நிற்கும், எது தலைகீழாக மாறும் என்று மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் இன்னும் சரியாக யோசிக்கவில்லை என்று பொருள்.

புதியதைப் படைக்க

இட்லியை அதன் உறுப்புகளாகப் பிரியுங்கள்: தானியம், பருப்பு, சேர்மானம், பாத்திரம், மூடி, வடிவம். இனி ஒன்றையோ இரண்டையோ மட்டும் மாற்றுங்கள். சேர்மானத்தில் மிளகு, சீரகம், சுக்கு போட்டு, தட்டுக்குப் பதில் மூங்கில் குடலையில் இலை வைத்து ஊற்றினால் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி. மண்பானையின் வாயில் துணி கட்டித் தட்டையாக வேகவைத்தால் பாலக்காட்டுப் பக்கத்து ராமசேரி இட்லி. அகலத் தட்டில் ஊற்றினால் கர்நாடகத்துத் தட்டு இட்லி. இரண்டாம் உலகப் போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்து ரவா இட்லி செய்ததாகப் பெங்களூர் எம்.டி.ஆர். உணவகம் தன் வரலாற்றில் சொல்கிறது. எல்லாமே ஓர் உறுப்போ இரண்டோ மாறியவை. உங்கள் பொருளையும் ஆறு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாற்று எழுதினால் பதினெட்டு யோசனை கையில் இருக்கும். அவற்றில் பதினைந்து உதவாது, பரவாயில்லை.

கோலத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் இன்னொரு வழியில் போகலாம்: விதியை எழுதுவது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட ஆய்வில், கோலங்கள் எந்த விதிகளால் சிறியதிலிருந்து பெரியதாக வளர்கின்றன என்பதைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் எழுதிக் காட்டினார்கள். வாசலில் போடுகிறவர்கள் கைப்பழக்கமாக வைத்திருந்தது தாளில் விதியாக வந்தது. உங்கள் வேலைக்கும் இப்படி நாலைந்து விதி எழுதுங்கள்: சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாது, தொடங்கிய இடத்தில் முடியும், என்பது போல. எழுதியபின் ஒரே ஒரு விதியை மட்டும் மீறி ஒன்றைச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒருசேர மீறினால் வெறும் கிறுக்கல்தான் மிஞ்சும்.

ஒட்டாத பாடத்தைக் கழிப்பது

நோட்டில் எழுதும் பாடங்களில் பாதிக்கு மேல் ஒட்டாது. முதல் சோதனை, காரணம் அங்கேயும் இருக்கிறதா என்பது. மாவை மூடி வைத்துவிட்டால் தானாகப் பொங்கும், நுண்ணுயிரி இருக்கிறது. "தொழிலையும் அப்படியே விட்டுவைத்தால் வளரும்" என்பதற்கு அங்கே எந்த நுண்ணுயிரி? இல்லையென்றால் அந்தப் பாடத்தை அடித்துவிடுங்கள். இரண்டாவது, பொருளின் இடத்தில் ஆள் வந்துவிட்டாரா என்று பாருங்கள். உளுந்துக்கு நாம் அளப்பது தெரியாது. வேலையாளுக்குத் தெரியும், அளக்கத் தொடங்கியதும் அவர் வேகமும் மாறும், மனமும் மாறும். ஆளைப் பற்றிய எந்தப் பாடத்தையும் மாவிலிருந்து எடுக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். மூன்றாவது, இது தவறு என்றால் ஒரு மாதத்துக்குள் தெரியுமா? தெரிய வழியில்லாத பாடம் காலண்டர் வாசகமாகத்தான் தொங்கும்.

தொடங்குவது

முதல் இரண்டு வாரம் நோட்டு மட்டும். எதையும் மாற்ற வேண்டாம். மூன்றாம் வாரம் ஒரே ஒரு இரட்டைப் பாத்திரச் சோதனை. நான்காம் வாரம் அதுவரை எழுதியதை வாசித்து, மூன்று சோதனையிலும் தேறிய ஒரே ஒரு பாடத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் பலன் தருவது சிலேட்டில் போடும் கோடுதான், ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை, ஆனால் அந்த எண்ணிக்கை பல கடைகளில் இதுவரை எடுக்கப்பட்டதே இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: வாரத்தில் ஒரு நாளாவது நோட்டு, தராசு எதுவும் இல்லாமல் அரையுங்கள். ஈடுபாடு முழுவதும் கணக்காகிவிட்டால் அரைக்கவே அலுப்பு வரும், அப்புறம் எழுதவும் எதுவும் இருக்காது. மாவை உண்மையிலேயே விற்கப் போகிறீர்கள் என்றால், முதல் பொட்டலம் வெளியே போவதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள். பொட்டலத்தில் அரைத்த தேதியோடு நேரத்தையும் போடுங்கள். காலையில் அரைத்ததா இரவில் அரைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் வாங்குகிறவர் அதில் இட்லி ஊற்றுவதா தோசை வார்ப்பதா என்று முடிவு செய்வார்.